முதல் கைத்துப்பாக்கி வாங்கும் பெண்ணுக்கு ஷீல்ட் ஈஸி 380 சரிவருமா?

அமெரிக்கத் துப்பாக்கிக் கடையில் ஒரு பெண் "இதுதான் எனக்கு முதல் துப்பாக்கி" என்று சொன்னால், விற்பவர் பல நேரம் எடுத்து வைப்பது கண்ணாடிப் பெட்டியில் இருப்பதிலேயே சிறிய ரிவால்வரைத்தான். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 இதற்கு நல்ல உதாரணம். எடை சுமார் 410 கிராம், ஐந்து தோட்டா, தோட்டா வகை .38 ஸ்பெஷல். சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி என்பது கேட்க நியாயமாக இருக்கும். சுடும்போது கதை மாறிவிடும். எடை குறையக் குறைய உதை கூடும். விசையை (டிரிக்கர்) இழுக்கவே ஐந்து கிலோவுக்கு மேல் பலம் வேண்டும். பத்துத் தோட்டா சுடுவதற்குள் உள்ளங்கை எரியும். பதினோராவது தோட்டாவுக்கு, விசை விழுவதற்கு முன்பே கண் மூடிக்கொள்ளும், மணிக்கட்டு துப்பாக்கியைக் கீழே அமுக்கும், குண்டு இலக்குக்குக் கீழே போகும். இந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் அதை விடுவிக்க மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். அந்த ரிவால்வர் மோசமான பொருள் அல்ல. பழகியவர் கைக்கு உரியது, அவ்வளவுதான்.

அதே ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் எம்&பி 380 ஷீல்ட் ஈஸி பிஸ்டல் 2018-இல் வந்தது. அப்போது பட்டியல் விலை 399 டாலர். எடை சுமார் 525 கிராம், நீளம் 17 செ.மீ., குழல் 93 மி.மீ. எட்டுத் தோட்டா மேகசின் (கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) இரண்டு கூடவே வரும். .380 தோட்டா, பரவலாகப் பயன்படும் 9 மி.மீ. லூகர் தோட்டாவைவிட மென்மையானது. ஆனால் அந்தத் தோட்டாவுக்கான பிஸ்டல்கள் பெரும்பாலும் சட்டைப்பைக்கென்று செய்தவை. அப்படி ஒன்றான ரூகர் எல்சிபி வெறும் 270 கிராம்தான், கையில் நன்றாகவே கடிக்கும். மென்மையான தோட்டாவை நடுத்தர உடலில் வைத்ததுதான் ஈஸியின் சிறப்பு.

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் ஸ்லைடு, அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம். இதில் அதை இழுப்பது உண்மையிலேயே எளிது. தோட்டா மென்மையானது என்பதால் ஸ்லைடை முன்னே தள்ளும் சுருள்வில்லும் மென்மையாக இருக்கலாம். உள்ளே சுத்தியல் வைத்த அமைப்பும் இழுப்பைக் குறைக்கிறது. ஸ்லைடின் பின்முனையில் விரல் வழுக்காதபடி மேடு வைத்திருக்கிறார்கள். மேகசினில் பக்கவாட்டுப் பொத்தானைக் கீழே அழுத்திக்கொண்டே தோட்டாவை இறக்கலாம், கட்டைவிரல் நகம் தப்பும். சுத்தம் செய்யக் கழற்றும்போது விசையை இழுக்கத் தேவையில்லை. சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) தோட்டா இருப்பதை மறந்து, கழற்றுவதற்காக விசையை இழுத்துச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. அதனால் இந்த ஒரு வசதியைப் பெரிதாகவே மதிக்கிறோம்.

ஸ்லைடை இழுப்பது பலத்தைவிட முறையைப் பொறுத்தது. துப்பாக்கியை மார்புக்கு அருகில் கொண்டுவந்து, மறுகையின் நான்கு விரல்களும் உள்ளங்கையும் ஸ்லைடின் பின்பகுதியைக் கவிந்து பிடிக்க வேண்டும். பிறகு ஸ்லைடைப் பின்னால் இழுப்பதைவிட, கைப்பிடியை முன்னால் தள்ளுங்கள். கடைசிவரை வந்ததும் சட்டென்று விட்டுவிட வேண்டும். கையோடு மெதுவாகக் கொண்டுபோய் விட்டால் தோட்டா பாதியில் நிற்கும். பலம் போதாமல் உடலைப் பக்கவாட்டில் திருப்புபவர்கள் குழல்வாயையும் பக்கத்தில் நிற்பவர் மீது திருப்பிவிடுகிறார்கள். உடல் திரும்பலாம், குழல் இலக்கை விட்டு அசையக் கூடாது.

குறைகளும் உண்டு. கைப்பிடியின் பின்புறம் ஒரு சேஃப்டி (பாதுகாப்புத் தடை) இருக்கிறது. உள்ளங்கை அதை முழுவதுமாக அமுக்கினால்தான் விசை வேலை செய்யும். பிடி தளர்ந்தால் தேவையான நொடியில் துப்பாக்கி சுடாது. மணிக்கட்டு தளர்ந்தால் இன்னொரு தொல்லை: ஸ்லைடு முழுதாகப் பின்வாங்காமல், காலி உறை வெளியேறும் வாயில் புகைக்குழாய் போலச் செங்குத்தாக மாட்டிக்கொள்ளும். .380 தோட்டா 9 மி.மீ.யைவிடப் பொதுவாக விலை அதிகம். உடலில் பட்டதும் விரியும் குண்டுகளில் பல, எஃப்பிஐ சோதனை ஜெல்லியில் எதிர்பார்க்கும் 12 அங்குல ஊடுருவலை எட்டுவதில்லை. அதனால் பிறகு வந்த 9 மி.மீ. ஈஸியையும் கையில் எடுத்துப் பாருங்கள். எடை சுமார் 660 கிராம். அதன் ஸ்லைடைத் தொடர்ந்து பத்து முறை இழுக்க முடிந்தால், அதன் உதையையும் தாங்க முடிந்தால், அதையே வாங்குங்கள்.

பழையது வாங்குபவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2020 மார்ச் 1 முதல் அக்டோபர் 31 வரை தயாரான ஈஸிகளில் சிலவற்றின் சுத்தியல் விரிசல் விடக்கூடும் என்றும், அப்போது ஒரே இழுப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட தோட்டா வெடிக்கலாம் என்றும் நிறுவனமே 2020 நவம்பரில் அறிவித்தது. சுத்தியலை இலவசமாக மாற்றித் தருவதாகவும் சொன்னது. வரிசை எண்ணைச் சரிபார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கடைக்கு அந்தப் பெண்ணே போக வேண்டும். கணவரோ அண்ணனோ தேர்ந்தெடுத்துப் பரிசாகக் கொடுப்பது அடிக்கடி தவறாகவே முடிகிறது. சோதனையைக் காலித் துப்பாக்கியில் தொடங்குங்கள். முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும், பிறகு ஸ்லைடை இழுத்துச் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். வரிசை மாறினால் மேகசினிலிருந்து அடுத்த தோட்டா சேம்பருக்குள் ஏறிவிடும். முன்கையும் குழலும் நேர்கோட்டில் இருக்கும்போதே ஆள்காட்டி விரல் நுனியின் சதைப்பகுதி விசையின் நடுவில் படவேண்டும். எட்டுவதற்காகத் துப்பாக்கியைக் கைக்குள் திருப்ப வேண்டியிருந்தால் அது பெரிய துப்பாக்கி. பிறகு ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் கூடம்) வாடகைக்கு எடுத்து, பயிற்றுநர் அருகில் இருக்க, ஐம்பது தோட்டா சுடுங்கள். ஐந்து மீட்டரில் கடைசி ஐந்தும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழுந்தால், அடுத்த ஐம்பதுக்கும் கை தயாராக இருந்தால், பொருத்தம் சரி.

தோளில் மாட்டும் பையில் போட்டு வைப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பை பறிபோனால் துப்பாக்கியும் போகும். குழந்தை கையை நுழைக்கும் முதல் இடமும் அதுதான். விசையை முழுவதும் மூடும் கெட்டியான உறையோடு இடுப்பில் இருக்கட்டும், வீட்டில் பூட்டிய பெட்டியில் இருக்கட்டும்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எச்-1பி, எச்-4 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. ரேஞ்சில் வாடகைக்கு எடுப்பதும் இதில் அடங்கும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை, ஆனாலும் உரிமம் பெற்ற வியாபாரியிடம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மாநில விதிகள் தனி. விசாவில் இருப்பவர்கள் ரேஞ்சுக்குப் போவதற்கு முன்பே வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.