நாற்பதுக்கு மேல் சோம்பேறிக் கண் வைத்தியம்: லென்ஸ், பேட்ச், கேம்

இந்த வயதில் சோம்பேறிக் கண்ணுக்கு வைத்தியம் பார்த்தால் பலன் உண்டா என்று மும்பை மாட்டுங்காவில் தெரிந்தவர்கள் பலரும் கேட்டுவிட்டார்கள். உண்டு. ஆனால் கண் பயிற்சிக்கென்று கேம் விற்பவர்கள் சொல்கிற அளவுக்கு இல்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

என் வலது கண்ணில் பிளஸ் 4.5 பவர், இடதில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மாறுகண் கிடையாது, அதனால் சின்ன வயதில் யாரும் கவனிக்கவில்லை. மங்கலாக வந்த படத்தை மூளை ஒதுக்கிவிட்டு இடது கண்ணை வைத்தே காலம் தள்ளியிருக்கிறது. சோம்பேறிக் கண் என்பது இதுதான். பழகிப்போனது மூளை என்பதால், பவரைச் சரிசெய்தாலும் பார்வை உடனே தெளிவாகாது. 2005ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில் 7 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு முன்னேற்றம் தெரிந்தது. என் வயதுக்கு அந்த அளவு நம்பிக்கைகூடக் கிடையாது. டாக்டரும் "பார்க்கலாம், கேரண்டி இல்லை" என்றுதான் சொன்னார்.

கண்ணாடி எனக்கு ஒத்துவரவில்லை. பவர் வித்தியாசம் அதிகம் என்பதால் இரண்டு கண்ணிலும் படம் வேறு வேறு அளவில் தெரிந்தது. தாதர் ஸ்டேஷன் படிக்கட்டில் இறங்கவே பயம். கான்டாக்ட் லென்ஸுக்கு மாறியதும் அந்தத் தொல்லை போயிற்று. செலவழித்ததில் உருப்படியான காசு அதுதான். ஒரே குறை, ஈரக் கையால் லென்ஸைத் தொடக்கூடாது என்கிறார்கள். ஜூலை மாத மும்பையில் உலர்ந்த கை யாருக்கு இருக்கிறது?

கண்ணை மறைக்கும் பேட்சை நல்ல கண்ணில்தான் ஒட்ட வேண்டும், அப்போதுதான் சோம்பேறிக் கண் வேலை செய்யும். சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து படிக்கும்போது மட்டும் போட்டேன், லோக்கல் ரயிலில் ஒருநாளும் இல்லை. மாமியார் முதல் வாரம் மெட்ராஸ் ஐ என்று நினைத்துத் தள்ளியே உட்கார்ந்தார். பெரியவர்கள் இதைத் தாங்களாக ஆரம்பிக்க வேண்டாம். மூளை ஒதுக்கிவைத்த படம் திரும்பி வந்து, தீராத இரட்டைப் பார்வையாக நின்றுவிடும் அபாயம் உண்டு. அதை முதலில் சோதித்த பிறகே எனக்கு அனுமதி கிடைத்தது.

சிவப்பு–நீலக் கண்ணாடி போட்டு ஆடும் கேம் சுமார்தான். நல்ல கண்ணுக்குப் படத்தை மங்கலாக்கி, இரண்டு கண்ணையும் சேர்ந்து வேலை செய்யவைப்பது அதன் யோசனை. யோசனை பிரமாதம், பலனைத்தான் காணோம். 2018ல் வெளியான ஓர் ஆய்விலும், வீட்டில் ஆறு வாரம் இப்படி ஆடியவர்கள் ஒப்பிடுவதற்காகக் கொடுத்த, சிகிச்சை இல்லாத போலி கேம் ஆடியவர்களைவிடப் பெரிதாகத் தேறவில்லை.

வலது கண் 6/36ல் இருந்து 6/18க்கு வந்தது, அதாவது சாதாரணக் கண் 18 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிக்கிறது. அப்புறம் நகரவில்லை. பேட்சை நிறுத்தினால் கொஞ்சம் பின்வாங்குகிறது. ஆழம் கணிப்பது இன்னும் தகராறுதான், டீ ஊற்றும்போது டம்ளரைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

இடது கண்ணைக் காப்பது இதைவிட முக்கியம். வெள்ளெழுத்துக்கு எப்படியும் கண்ணாடி வேண்டியிருந்தது. அதைச் சுலபத்தில் உடையாத பாலிகார்பனேட்டில் செய்துகொண்டேன். கேம் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை.