எஞ்சினைக் கழுவித் தருகிறேன் என்று வந்தவரிடம் ஏமாந்தேன், நீங்களாவது உஷாராக இருங்கள்

வீட்டுக்கே வந்து கார் கழுவித் தருகிற ஆட்களைக் கூப்பிடப் போகிறீர்களா? தாராளமாகக் கூப்பிடுங்கள், ஆனால் பானெட்டைத் திறக்க விடாதீர்கள். நான் விட்டேன். ஒரு இக்னிஷன் காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தருகிற பாகம்), ஒரு பெல்ட், இரண்டு நாள் லீவு, அதன் பிறகு யார் பொறுப்பு என்ற ஒரு வாரச் சண்டை, எல்லாம் வந்து சேர்ந்தது.

அன்று வெளியே போய்விட்டு வந்து வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அந்த ஆள் பிரஷர் வாஷரோடு வந்துவிட்டார். மேலே கழுவி முடித்ததும், "சார், எஞ்சினையும் ஒரு கை பாத்துடவா, புதுசு மாதிரி ஆயிடும்" என்றார். உள்ளே தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒரு விரல் கனத்துக்கு இருந்தது உண்மை, நானும் ரொம்ப நாளாகச் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "இன்னும் சூடா இருக்கே" என்று கேட்டேன். "ஒண்ணும் ஆகாது சார், எல்லாமே வாட்டர்ப்ரூஃப். தினம் பத்து வண்டி பண்றேன்." நுரையை அடித்தார், உடனே தண்ணீரைப் பீய்ச்சினார். குப்பென்று ஆவி கிளம்பி அவர் முகமே தெரியவில்லை. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஒருவர் அவ்வளவு தைரியமாகச் செய்யும்போது குறுக்கே பேச எனக்கு ஒரு கூச்சம். கடைசியில் பளபளப்பு ஸ்ப்ரே ஒன்றைப் பெல்ட், குழாய் என்று பார்க்காமல் எல்லாவற்றின் மேலும் அடித்து, ஸ்டார்ட் செய்து காட்டி, ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு போனார். வண்டி நன்றாகத்தான் ஓடியது.

மறுநாள் காலை சாவியைத் திருப்பினால் ஸ்டியரிங் கையில் நடுங்குகிறது, பெல்ட் கீச்சென்று கத்துகிறது, செக் எஞ்சின் விளக்கு மினுக்குகிறது. மினுக்குகிறது என்பதைக் கவனியுங்கள். நிலையாக எரிந்தால் சீக்கிரம் மெக்கானிக்கிடம் காட்டினால் போதும். மினுக்கினால் பெட்ரோல் எரியாமல் அப்படியே சைலன்சர் பக்கம் போகிறது, அங்கே புகையைச் சுத்தம் செய்ய இருக்கிற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சூடேறி உருகிப்போகலாம், அதன் விலைக்கு முன்னால் காயில் விலை ஒன்றுமே இல்லை. நல்லவேளையாக அது நினைவுக்கு வந்து உடனே அணைத்தேன்.

மெக்கானிக் அண்ணன் வந்து ஸ்கேனரைச் செருகினார். பி0302. இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஃபயர், அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. அந்தக் காயிலைப் பிடுங்கி, ஸ்பார்க் பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் டார்ச் அடித்து, "தம்பி, கிணறு வெட்டி வச்சிருக்கியா" என்றார். எட்டிப் பார்த்தேன், பிளக்கின் தலை தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. காயிலின் ரப்பர் மூடி மேலே இருந்து வருகிற சாதாரணத் தண்ணீரைத் தடுக்கும். அவ்வளவு வேகமான தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடும், என் வண்டியில் அப்படி உள்ளே போன தண்ணீர் திரும்பி வர வழி கிடையாது. ரப்பரின் பக்கவாட்டில் முடி மாதிரி மெல்லிய சாம்பல் கோடு ஒன்று ஓடியது. பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் ஈரத்தின் வழியாகப் பக்கத்து இரும்புக்குத் தாவிய தடமாம் அது. ஒருமுறை அந்தத் தடம் விழுந்துவிட்டால் காயவைத்தாலும் சரியாகாது, மாற்றத்தான் வேண்டும்.

வாட்டர்ப்ரூஃப் கதைக்கு வருவோம். மழைக்கும் சாலைத் தண்ணீருக்கும் தாங்கும்படிதான் கனெக்டர்களை (வயர்கள் இணைகிற இடங்களை) செய்கிறார்கள். தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் குறியீடாக ஐபி67 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள், பீய்ச்சி அடிக்கிற தண்ணீரைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. வீட்டுக்கு வாங்குகிற சிறிய பிரஷர் வாஷரின் அழுத்தமே 100 பாரை (பார் என்பது அழுத்தத்தின் அளவு) தாண்டும், குழாய்த் தண்ணீர் நாலைந்து பார் வந்தாலே பெரிய விஷயம். அதோடு சூடு வேறு. சூடான கனெக்டருக்குள் இருக்கும் காற்று திடீரென்று குளிர்ந்தால் சுருங்கும், சுருங்கும்போது வெளியே இருக்கிற தண்ணீரை ரப்பர் இடுக்கு வழியாகத் தானே உறிஞ்சிக்கொள்ளும். ஆக அந்த ஆவி கிளம்பியபோதே என் வண்டி தண்ணீர் குடிக்க ஆரம்பித்திருக்கும்.

கழுவியவருக்குப் போன் செய்தேன். "ஏற்கெனவே காயில் வீக்கா இருந்திருக்கும் சார்." குழிக்குள் இருந்த தண்ணீரின் போட்டோவை அனுப்பினேன், நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. சர்வீஸ் சென்டரிலும் தண்ணீர் புகுந்ததற்கு வாரண்டி கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது, எஞ்சின் மேல் பிரஷர் வாஷர் கூடாது என்று பல வண்டிகளின் மேனுவலிலேயே போட்டிருக்கிறது, நான்தான் படித்ததில்லை.

இப்போது நானே செய்கிறேன், அரை நாள் ஆகும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், எஞ்சின் கையால் தொடும்படி ஆறியிருக்கும்போது தொடங்குவேன். முதலில் எங்கே எண்ணெய் கசிந்திருக்கிறது என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்வேன், துடைத்துவிட்டால் கசிவு எங்கிருந்து வந்தது என்பதே தெரியாது. (பழைய வண்டி விற்கிறவர்கள் எஞ்சினைப் பளபளவென்று காட்டுவது எதற்கு என்று நினைக்கிறீர்கள்?) அப்புறம் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, காய்ந்த இலை, தூசி எல்லாவற்றையும் பெயிண்ட் பிரஷ்ஷும் வேக்குவமும் வைத்து எடுப்பேன். பாதி அழுக்கு இதிலேயே போய்விடும், ஒரு சொட்டுத் தண்ணீர் தேவையில்லை.

ஆல்டர்னேட்டர் (பேட்டரியை சார்ஜ் செய்வது), ஃபியூஸ் பாக்ஸ், காயில்கள், ஈசியு (எஞ்சினின் கம்ப்யூட்டர்), காற்று உள்ளே போகிற வாய், இவற்றுக்கு பிளாஸ்டிக் பை போட்டு ரப்பர் பேண்ட் மாட்டுவேன். எத்தனை பை போட்டேன் என்று எண்ணி வைப்பேன், ஏனென்றால் ஒன்றை மறந்து ஸ்டார்ட் செய்தால் அது பெல்ட்டில் சிக்கும் அல்லது சைலன்சர் குழாயில் ஒட்டி எரியும். தண்ணீரில் கலக்கிற டீகிரீசரை (எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற திரவத்தை) பிரஷ்ஷில் அடித்துத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்தெடுப்பேன். கடையில் கிடைப்பதில் மிகக் காரமானது வேண்டாம், அலுமினியம் வெளுத்துவிடும். பெட்ரோல், மண்ணெண்ணெய் வைத்துத் துடைக்கச் சொல்கிற பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள், அவர்களைக் கும்பிட்டுவிட்டு நகருங்கள். அந்த ஆவிக்கு ஒரு தீப்பொறி போதும்.

அலசித்தான் ஆக வேண்டும் என்றால் செடிக்குத் தெளிக்கிற கை ஸ்ப்ரேயர் போதும், அதுவும் மின்சாரம் இல்லாத கீழ்ப் பக்கத்துக்கு மட்டும். பிறகு புளோயரால் இடுக்குகளை ஊதி, பைகளை எண்ணி எடுத்து, பானெட்டைத் திறந்தே இரண்டு மூன்று மணி நேரம் விட்டு, அதற்கப்புறம்தான் நெகட்டிவை மாட்டி ஸ்டார்ட். பளபளப்பு வேண்டுமானால் துணியில் அடித்துப் பிளாஸ்டிக் மூடிகளில் மட்டும் தடவுங்கள், என் பெல்ட் கத்தியது அந்த ஸ்ப்ரே பட்டு வழுக்கியதால்தான்.

ஹைப்ரிட், மின்சார வண்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பதிவைப் பார்த்துக் கை வைக்க வேண்டாம். உள்ளே ஆரஞ்சு நிறக் கேபிள் தெரிந்தால் அது நூற்றுக்கணக்கான வோல்ட், மேல் தூசியை உலர்ந்த துணியால் துடைப்பதோடு சரி.

ஏற்கெனவே யாராவது இப்படிக் கழுவி வண்டி நடுங்குகிறது என்றால், ஓட்டிப் பார்த்தால் காய்ந்துவிடும் என்று ஓட்டாதீர்கள். அணைத்துவிட்டு, காயில்களை எடுத்து, குழிகளைக் காற்றடித்து உலர்த்தச் சொல்லுங்கள். நேரத்தில் செய்தால் பல சமயம் எதையும் மாற்றாமலே தப்பிக்கலாம், எனக்குத்தான் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

நேற்று அந்தக் கழுவின ஆளுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்த்தேன். கழுவியதற்கு முன், கழுவியதற்குப் பின் என்று இரண்டு படம், கீழே பூப்போட்ட வாழ்த்து. பின் படத்தில் இருப்பது என் எஞ்சின், மூடியின் ஓரத்தில் நான் போட்ட கீறல் அப்படியே தெரிகிறது.