சின்னப் பிள்ளைகளோடு வேளாங்கண்ணியில் பூசை பார்க்க முடியுமா?

எங்கள் அன்பியக் கூட்டத்தில் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் கூட்டம்) இரண்டு இளம் தாய்மார்கள் இதைக் கேட்டார்கள். முடியும். தாராளமாக முடியும். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் வரைக்குமான திருவிழா நாட்களை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தக் கூட்டத்தில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பது பெரியவர்களுக்கே கஷ்டம். எங்கள் பெரியவனுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு ஒன்றரை. ஜனவரி கடைசியில், விடுமுறைக் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு, ஒரு வார நாளில் திண்டுக்கல்லிலிருந்து போனோம். அத்தையும் கூட வந்தார்கள்.

அந்தத் தாய்மார்கள் ஏன் கேட்டார்கள் என்று எனக்கு நன்றாகவே புரிகிறது. ஞாயிறு பூசையில் பிள்ளை சிணுங்கினால் போதும், முன்வரிசைத் தலைகளெல்லாம் திரும்பும். நான் போன ஒரு கோவிலில், மறையுரையின்போது பால் பாட்டில் கீழே உருண்டதற்கு, "பிள்ளையை வெளிய தூக்கிட்டுப் போம்மா" என்று ஒரு பெரியம்மா சத்தமாகவே சொன்னார். மீதிப் பூசை முழுவதும் வாசலில் நின்றேன். குருவானவர் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றம் ஆகிவிட்டது என்பதை மணியோசையை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். திருச்சபைச் சட்டப்படி ஏழு வயது நிறையாத பிள்ளைக்கு ஞாயிறு பூசை காணும் கடன் கிடையாது, வீட்டிலேயே விட்டுவிட்டு வரலாமே என்று சிலர் சொல்கிறார்கள். கடன் இல்லைதான். ஆனால் அது பிள்ளையை வரவேண்டாம் என்று சொல்லும் சட்டம் இல்லையே.

வேளாங்கண்ணியில் ஒருவர்கூட எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே வருகிறவர்களில் எத்தனையோ பேர் பிள்ளைக்காகவே வருகிறவர்கள். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குட்டித் தலைகள் எங்கே பார்த்தாலும் தெரிந்தன. பெஞ்சில் இடம் கிடைக்காமல் பின்பக்கம் தரையில் உட்கார்ந்தோம். அதுவே வசதியாகப் போயிற்று. பெஞ்சில் உட்கார்ந்தால் பிள்ளை விழுந்துவிடுமோ, ஏறிக் குதிக்குமோ என்று நம் கண் பீடத்துக்கே போகாது. தரையில் அந்தப் பயம் இல்லை. சின்னவள் என் மடிக்கும் அத்தை மடிக்கும் இடையே தவழ்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு தம்பதி. அந்தப் பெண்ணின் மடியில் காணிக்கைக்காக வாங்கிய சின்ன மரத்தொட்டில் இருந்தது. மஞ்சள் கயிறு சுற்றி, மேலே ஒரு முழம் மல்லிகை. குழந்தை வேண்டி வந்திருக்கிறார்கள். என் மகள் தவழ்ந்து போய் அந்தத் தொட்டிலைப் பிடித்துவிட்டாள். நான் பதறி எழப் போனேன். அந்தப் பெண் என் கையைத் தொட்டு, "இருக்கட்டும் அக்கா" என்றார். மறையுரை முடியும்வரை ஒரு விரலால் அந்தத் தொட்டிலை ஆட்டிக்காட்டிக்கொண்டே இருந்தார். சமாதான வாழ்த்து சொல்லும்போது முதலில் என் மகளுக்குத்தான் கைகூப்பினார். அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டேன். தினமும் ஜெபமாலையில் சொல்கிறேன்.

பூசையில் பால் கொடுப்பதைப் பற்றியும் அந்தத் தாய்மார்கள் கேட்டார்கள். துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு அங்கேயே கொடுத்தேன். 2014 ஜனவரியில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் திருமுழுக்குக் கொடுத்தபோது, பிள்ளைக்குப் பசித்தால் தயங்காமல் இங்கேயே பால் கொடுங்கள் என்று போப் பிரான்சிஸே தாய்மார்களிடம் சொன்னார். அதுவும் வேளாங்கண்ணியில் இதற்கு யோசிக்கவே வேண்டாம். அந்த ஊர்க் கதையே பாலில்தானே தொடங்குகிறது! நாகப்பட்டினத்துக்குப் பால் கொண்டுபோன ஒரு பையன் குளக்கரை ஆலமரத்தடியில் களைத்துப் படுத்தான். கையில் குழந்தையோடு வந்த ஒரு தாய், என் பிள்ளைக்குக் கொஞ்சம் பால் தருவாயா என்று கேட்டாள். கொடுத்தான். போய்ப் பார்த்தால் பானை நிறைந்து வழிந்தது. அடுத்த கதை, அதே ஊரில் நடுத்திட்டு என்ற இடத்தில் மோர் விற்ற கால் ஊனமான பையனுடையது. அவனிடமும் அந்தத் தாய் பிள்ளைக்குத்தான் மோர் கேட்டாள். கால் குணமாகி, மாதா சொன்ன சேதியைச் சொல்ல அவன் நாகப்பட்டினத்துக்கு ஓடினான். புயலில் தப்பிய போர்த்துக்கீசிய மாலுமிகள் மூன்றாவதாகத்தான் வருகிறார்கள். கப்பல்காரர்களுக்கும், 1962இல் பசிலிக்கா (பேராலயம்) என்ற பட்டம் கொடுத்த ரோமாபுரிக்கும் முன்னால் அந்த இடத்துக்கு இரண்டு சிறுவர்கள் வந்துவிட்டார்கள். பசித்த பிள்ளையோடு ஒரு தாய் வந்து நின்ற இடத்தில் நம் பிள்ளை அழுதால் யாருக்கு என்ன இடைஞ்சல்?

சாயங்காலம் மலையாளப் பூசை நடந்துகொண்டிருந்தபோது உள்ளே போனோம். பெரியவனுக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் மணி அடித்ததும் யாரும் சொல்லாமலே முழந்தாள் போட்டான். "அம்மா, இப்ப சாமியார் அப்பத்தைத் தூக்குவாரு" என்று என் காதில் சொன்னான். நம் ஊரில் தமிழில் நடக்கும்போது கவனிக்காதவன் மாதிரி நெளிந்துகொண்டிருக்கிறானே, அப்போதெல்லாம் இது அவனுக்குள் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது. சிறுவர் திருப்பலிக்காக 1973இல் வத்திக்கான் வெளியிட்ட வழிகாட்டியே, உடல் அசைவுகளும் கண்ணால் காணும் பொருள்களும் பிள்ளைகளுக்கு முக்கியம் என்று சொல்கிறது. பங்குகளில் மறைக்கல்வி ஆசிரியர்கள் அதை ஒருமுறை எடுத்துப் படித்தால் நன்றாக இருக்கும். சின்னவளுக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை. சேலை உடுத்திய மாதாவின் கையில் முடிசூடிய குழந்தையைப் பார்த்து, "பாப்பா, பாப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

மற்றபடி சில விஷயங்கள். பூசைக்கு முன்னால் கடைத்தெரு வழியாகப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள். ஊதலும் பொம்மையும் கேட்டு அங்கேயே அழுகை ஆரம்பித்துவிடும். எல்லாம் பூசை முடிந்த பிறகுதான். நாங்கள் தங்கிய தனியார் விடுதியில் பிள்ளைகளைக் குளிப்பாட்டச் சுடுதண்ணீர் கிடைக்கவில்லை. முன்கூட்டியே திட்டமிட முடிந்தால் திருத்தலத்தின் விடுதிகளில் பதிவு செய்யப் பாருங்கள். கடற்கரையில் பிள்ளையின் கையை விடவே விடாதீர்கள். 2004 சுனாமியில் அங்கே எத்தனை திருப்பயணிகள் இறந்துபோனார்கள் என்பதை அத்தை இன்னும் கண்ணீரோடுதான் சொல்வார்கள். எங்கள் பிள்ளைகள் ஈர மணலில் மட்டும் விளையாடினார்கள்.

பால்காரப் பையன் படுத்திருந்த அந்தக் குளம்தான் மாதா குளம். அங்கே முழந்தாளில் போகும் மணல் பாதைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் மணல் சுடும். பெரியவனும் முழந்தாளில் போவேன் என்று அடம்பிடித்தான். போக விட்டேன். கொஞ்ச தூரம் போய் எழுந்தான், அப்புறம் மறுபடியும் போட்டான். அப்படித்தான் போய்ச் சேர்ந்தான். பால்காரப் பையன் கதையைப் பஸ்ஸிலேயே சொல்லிவிடாதீர்கள். குளத்துக்கு வந்த பிறகு, தீர்த்தம் கொடுத்துவிட்டு, அங்கேயே உட்காரவைத்துச் சொல்லுங்கள். "அந்தப் பையனுக்கு எத்தனை வயசு?" என்று எங்கள் மகன் கேட்டான். உங்கள் பிள்ளையும் அதைத்தான் கேட்கும்.