கோழிக்குஞ்சுக்கு சோலார் பேட்டரியில் ராத்திரி முழுக்கச் சூடு வரும் என்று விற்கிறார்கள், ஏமாந்துவிடாதீர்கள்

ஜவ்வாது மலையில், ஒடுகத்தூர் பக்கமாக ஏறினால் எங்கள் நிலம். கரண்ட் கம்பம் இன்னும் வீடு வரைக்கும் வரவில்லை. சாமை, கொஞ்சம் கொள்ளு, நாட்டுக்கோழி, இவ்வளவுதான் பிழைப்பு. அப்பாவும் அம்மாவும் மேலே இருக்கிறார்கள், நான் வேலூரில் வேலை பார்க்கிறேன். வேலூர் வெயிலை மட்டும் பார்த்தவர்களுக்கு மலையின் மார்கழிக் குளிர் தெரியாது. காலை எட்டு மணி வரைக்கும் எதிர் மேடே கண்ணுக்குத் தெரியாது.

கோழி வளர்ப்பவர்களுக்குத் தெரியும், முதல் வாரம் குஞ்சுக்குப் பக்கத்தில் 35 டிகிரி சூடு இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். அதற்காகத்தான் கார்த்திகையில் 64,000 ரூபாய் கொடுத்து சோலார் போட்டோம். 330 வாட் பேனல் இரண்டு, 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி ஒன்று, இன்வெர்ட்டர், 60 வாட் குண்டு பல்பு நான்கு, சூடு குறைந்தால் தானாகப் பல்பைப் போடும் கருவி. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் இருக்கிறது, வீட்டில் ஆள் இல்லாத நாளும் வரும் என்று விற்றவரிடம் முதலிலேயே சொன்னேன். "ஆளே வேணாம் சார், தானா எரியும், தானா அணையும். வெயிலே வரலைனாலும் ரெண்டு நாள் தாங்கும்" என்றார். பகல் 12 மணிக்குப் பல்பைப் போட்டும் காட்டினார். நல்ல வெயிலில் பேனலே நேராகப் பல்பை எரிக்கும், பேட்டரிக்கு அங்கே வேலையே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஆபரேஷனுக்குத் தேதி வந்தபோது குஞ்சுகளுக்கு ஐந்து நாள் வயது, மொத்தம் 100. அப்பாவும் துணைக்குக் கீழே வந்துவிட்டார். தீனியும் தண்ணீரும் வைக்கச் சித்தப்பா மகன் காலையில் மட்டும் போவதாக ஏற்பாடு. இரண்டாம் நாள் காலை அவன் மேட்டில் ஏறி, சிக்னல் கிடைக்கும் இடத்திலிருந்து போன் செய்தான். "அண்ணா, சத்தமே இல்லண்ணா" என்றான்.

குளிரெடுத்தால் குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெருக்கும். மூலையில் ஒரு குவியல். மேலே இருந்தவை மட்டும் லேசாக அசைந்தன. அடியில் இருந்தவை தட்டையாக, உமியோடு ஒட்டிக் கிடந்தன. எண்ணிப் பார்த்ததில் 71 போய்விட்டது. கண்ணில் கட்டோடு இருந்த அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வாங்குவதற்கு முன்னால் நீங்கள் இதைப் போட்டுப் பாருங்கள். 240 வாட் பல்பு மாலை ஆறிலிருந்து காலை ஏழு வரை, 13 மணி நேரம் எரிந்தால் மூன்று யூனிட்டுக்கு மேல் வேண்டும். 12 வோல்ட், 150 ஏஎச் என்றால் இரண்டையும் பெருக்கி 1,800 வாட்-மணி, மொத்தமே 1.8 யூனிட்தான். ஈயம்-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுசு குறைந்துவிடும், ஆக கைக்கு வருவது 0.9 யூனிட். அதிலும் இன்வெர்ட்டர் கொஞ்சம் தின்றுவிடும். நான்கு மணி நேரம்கூட முழுதாக வராது. நடுநடுவே பல்பு அணைந்தால் இன்னும் கொஞ்சம் நீளும், ஆனால் பனி இறங்கும் ராத்திரியில் அது எங்கே அணையப் போகிறது? மூடுபனி நாளில் பேனல் தருவதும் குறைவு, பேட்டரி நிறையாமலேயே அடுத்த ராத்திரி வந்துவிடும். இதெல்லாம் விற்றவருக்குத் தெரியாதா? இதுதானே அவர் தொழில்!

இன்னொன்றும் இருக்கிறது. பேட்டரியை வேலூருக்கு இறக்கி, தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். 'சோலார் சி10' என்ற ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். அடியில் இன்னொரு ஸ்டிக்கர், அதில் சி20. வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் பேட்டரி அது. சி10 என்றால் பத்து மணி நேரத்தில் இறக்கும் கணக்கில் 150 ஏஎச், சி20 என்றால் இருபது மணி நேரக் கணக்கில். வேகமாக இறக்கினால் அந்த 150 கிடைக்காது. பக்கவாட்டில் சீரியல் எண் இருந்த இடத்தை அரத்தால் தேய்த்திருந்தார்கள். அமிலத்தை அளந்து பார்த்துவிட்டு, "இது புதுசு இல்ல தம்பி" என்றார்.

விற்றவரைக் கேட்டால், "ஆள் இல்லாம விட்டது உங்க தப்பு" என்கிறார். ஆளே வேண்டாம் என்று சொன்ன அதே வாய். பில் கேட்டபோது அவர் கொடுத்தது ஜிஎஸ்டி எண் இல்லாத எஸ்டிமேட் சீட்டு. அன்றைக்கே நான் பில்லுக்கு அடம் பிடித்திருக்க வேண்டும். நல்லவேளை, பணம் போன் வழியாகப் போனதால் அந்த ரசீது இருக்கிறது. 1915 நுகர்வோர் எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரைக்கும் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சோலார் இல்லையே என்று அறையை மூடிக் கரி அடுப்பு வைத்துவிடாதீர்கள், அதிலிருந்து வரும் நச்சு வாயு குஞ்சை மட்டுமல்ல, உள்ளே போகும் ஆளையும் கொல்லும். மிச்சமிருந்த 29 குஞ்சையும் அம்மா மூங்கில் கூடையில் உமி பரப்பி, சாக்கு சுற்றி, ராத்திரி தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். அதில் 27 பிழைத்தன.

புகார் போனதும், பழைய பேட்டரியைக் கொடுத்தால் புதிதாக ஒன்று பாதி விலைக்குத் தருவதாக அவரே போன் செய்தார். கொடுக்கவில்லை. தேய்த்த எண்ணோடு அது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.