ஆர்பிஜி கேமில் வீடு வாங்குவது வீண் செலவா?

ஆர்பிஜி என்றால் ஒரு கதாபாத்திரமாகவே மாறி ஆடும் கேம். அந்த வகையைச் சேர்ந்த ஸ்கைரிமில் வைட்ரன் ஊர் வாசலைத் தாண்டியதும், கொல்லன் பட்டறைக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன மர வீடு இருக்கும். பெயர் ப்ரீஸ்ஹோம், விலை 5000 கோல்ட், உள்ளே போடும் சாமானுக்குத் தனிக் காசு. அந்தத் தொகை முதன்முதலாகக் கையில் சேரும்போது எல்லோருக்கும் ஒரே குழப்பம்தான்: நல்ல கவசம் வாங்குவதா, வீடு வாங்குவதா? என் நண்பன் ஒருவன் இன்றுவரை வாங்கவில்லை. "விடுதில 10 கோல்டுக்கு ரூம் கிடைக்குது, தூங்கி எழுந்தா அதே பலன், எதுக்குடா வீடு?" என்பான். கணக்குப்படி அவன் சொல்வது சரிதான். நான் மட்டும் ஒவ்வொரு முறை புதிதாகத் தொடங்கும்போதும் முதல் வேலையாக வாங்கிவிடுகிறேன். இந்தச் சண்டை பல வருடமாக ஓடுகிறது, அதனால் நான் ஆடிய கேம்களின் வீடுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தேன்.

முதலில் ப்ரீஸ்ஹோம். உண்மையைச் சொன்னால் அது கூரை போட்ட பரண். தொடக்கத்தில் நம் ஆளால் 300 எடைதான் தூக்க முடியும், தெருப் பீப்பாயில் எதையாவது போட்டு வைத்தால் சில நாளில் காணாமல் போய்விடும், சொந்த வீட்டுப் பெட்டியில் வைத்தால் அப்படியே இருக்கும். அவ்வளவுதான் பயன். அலங்காரம் என்று இறங்கினால் அது வேறு தலைவலி. பொருளை ஒவ்வொன்றாகக் கையில் தொங்கவிட்டு, மேசைக்கு மேலே கொண்டுபோய், மூச்சைப் பிடித்துக்கொண்டு விட வேண்டும். டிராகன் பூசாரிகளின் முகமூடிகளை வரிசையாக அடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணி நேரம் உட்கார்ந்தேன். ஐந்தாவதை வைத்துவிட்டு அழகு பார்க்க ஒரு எட்டு பின்னால் வரலாம் என்று தவறுதலாக முன்னே போனேன், மேசையில் என் ஆளே இடித்து எல்லாம் தரையில் உருண்டது. இதைத் தவிர, இதே கேமின் வேறு சில வீடுகளில் கவசம் மாட்டி நிறுத்தும் மர பொம்மைகள் தானாக இடம் மாறி நிற்கும் பிழை வேறு ஊரறிந்த விஷயம். இருட்டில் வீட்டுக்கு வந்து, மூலையில் நின்றது வாசலுக்கு அருகில் நிற்பதைப் பார்த்தால் தூக்கம் வராது.

இதற்குப் பதிலாக 2012இல் வந்த ஹார்த்ஃபயர் டிஎல்சி (கேமுக்குப் பின்னால் வரும் கூடுதல் பகுதி) நாமே கட்டும் வீட்டைக் கொடுத்தது. மூன்று இடங்களில் மனை, ஒவ்வொன்றும் 5000. களிமண் தோண்டு, கல் உடை, இரும்பைத் தட்டி ஆணி செய், மரத்துக்கு மில்லுக்குப் போ. வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்களே, இந்த கேமில் இரண்டும் உண்டு, இரண்டில் கல்யாணம்தான் சுலபம்: 200 கோல்டுக்கு ஒரு தாயத்தை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டால் தகுதியான ஆள் தானே பேச்சைத் தொடங்கும். கட்டும் வேலை முதல் வீட்டில் ஜாலியாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டி முடித்த பிறகு கவனியுங்கள், எந்த நாற்காலி எங்கே என்பதை நாம் முடிவு செய்வதில்லை. பட்டியலில் தட்டினால் அது அதற்குரிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டாவது மனையில் அதே ஆணியை அடிக்கும்போது எனக்குச் சலித்துவிட்டது. அதே டிஎல்சி செய்த வேறொரு சின்ன வேலைதான் எனக்குப் பிடித்தது: தத்தெடுத்த குழந்தைகளுக்கு ப்ரீஸ்ஹோமில் அறை வேண்டுமென்றால், மூலிகை அரைக்கும் மேசையைத் தூக்கிவிட வேண்டும். ஒற்றை அறை வாடகை வீட்டில் குடித்தனம் நடத்தியவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும். அந்தப் பரண் முதன்முறையாக வீடாக மாறியது அங்கேதான்.

இதற்கு நேர் எதிரே விட்சர் 3இன் கோர்வோ பியாங்கோ. 2016இல் வந்த பிளட் அண்ட் வைன் டிஎல்சியில், டூசான் நாட்டு வேலைக்குக் கூலியாக, கேமின் நாயகன் கெரால்டுக்கு ஒரு திராட்சைத் தோட்டமும் பழைய வீடும் கிடைக்கிறது. அலங்காரச் சுதந்திரம் என்று பார்த்தால் இங்கே ஸ்கைரிமைவிடக் குறைவு. படம் மாட்ட, வாள் மாட்ட, கவசம் நிறுத்த எல்லாவற்றுக்கும் இடம் குறித்துவைத்திருக்கிறார்கள், நாம் எதைத் தொங்கவிடுவது என்பதை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். பார்னபஸ் பேசில் என்று ஒரு காரியஸ்தர் இருக்கிறார், அவரிடம் பணம் கொடுத்தால் வீடு கொஞ்சம் கொஞ்சமாகச் சீராகும். நல்ல கட்டில் போட்டால் தூங்கி எழும்போது உடல்பலம் கூடும், லாயம் கட்டினால் குதிரைக்குத் தெம்பு கூடும். பலன் என்று பார்த்தால் இவ்வளவுதான், அந்தக் கட்டத்தில் நமக்கு அதுகூடத் தேவைப்படாது.

ஆனால் இந்த மனிதர் மூன்று கேம் முழுக்க ஊர் ஊராக நாடோடியாகத் திரிந்தவர். சத்திரத்தில் தூங்கியவர், சதுப்பு நிலத்தில் பேய் விரட்டியவர். அவருக்கு ஒரு வாசல், வாசலில் 'வந்துட்டீங்களா' என்று நிற்க ஒரு ஆள். ஒரு குவெஸ்டில் (கேம் தரும் ஒரு வேலையில்) ஓவியர் ஒருவர் அவரை வரைவார், அந்தப் படத்தைக் கொண்டுவந்து சுவரில் மாட்டலாம். நான் மாட்டிவிட்டு அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன், அந்தக் கூடத்தில் செய்ய வேறு எந்த வேலையும் எனக்கு இல்லை. கதையின் முடிவில் அதே வீட்டுக்கு ஒருவர் வந்து சேர்கிறார், யார் என்பது நாம் முன்பு எடுத்த முடிவுகளைப் பொறுத்தது. இவ்வளவு குறைவான அலங்காரத்தை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ததால், என் வரிசையில் இந்த வீடுதான் முதலிடம். நாற்காலியை எந்தக் கோணத்தில் திருப்பலாம் என்பது எனக்கு இரண்டாம்பட்சம், நான் திரும்பி வருவதை அந்த இடம் கவனிக்கிறதா என்பதுதான் கேள்வி. (மாஸ் எஃபெக்ட் 2இல் கேப்டன் அறை மீன்தொட்டி இதையே குரூரமாகச் செய்யும். தீனி போட மறந்தால் மீன் செத்து மிதக்கும்.)

சரி, அலங்காரத்துக்கு நேரடியாகவே மதிப்பெண் கொடுத்துவிட்டால்? இரண்டு கேம்கள் அதைச் செய்து பார்த்தன. கென்ஷின் இம்பாக்டில் 2021இல் வந்த தேநீர்ப் பானை வீட்டில், வைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் புள்ளி உண்டு, புள்ளி ஏற ஏற உள்ளே கிடைக்கும் காசு வேகமாகச் சேரும். விளைவு என்ன தெரியுமா? பலர் எல்லாச் சாமானையும் ஒரு மூலையில் குவித்துவிட்டுப் புள்ளியை மட்டும் அள்ளிக்கொண்டு போனார்கள். அதே வருடம் வந்த வால்ஹைம் இதில் கெட்டிக்காரத்தனம். அங்கே வீட்டில் எவ்வளவு வசதி இருக்கிறதோ அவ்வளவு நேரம் ஓய்வின் தெம்பு நிற்கும், ஒரு புள்ளிக்கு ஒரு நிமிடம் கூடும். ஆனால் ஒரு வகைக்கு ஒன்றுதான் கணக்கு. நூறு நாற்காலி போட்டாலும் ஒரு நாற்காலிதான், அதுவும் பக்கத்தில் இருந்தால்தான். அதனால் அடுப்பு, கம்பளம், மேசை, கொடி என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கிறோம், நாம் கேட்காமலே அந்தக் குடிசை ஆள் வாழும் இடம் மாதிரி ஆகிவிடுகிறது. ட்ரோல் பூதங்களிடம் அடிவாங்கிவிட்டு மழையில் நனைந்து அதற்குள் நுழையும்போது வரும் நிம்மதியை நண்பனுக்கு விளக்க முயன்று தோற்றிருக்கிறேன்.

இனி பலர் சேர்ந்து ஆடும் எம்எம்ஓ. இங்கே விஷயமே வேறு, வீட்டைப் பார்க்க ஆள் இருக்கிறது. ஃபைனல் ஃபேண்டஸி 14இல் ஒரு பேட்டைக்கு 60 மனைதான், ஆசைப்படுகிறவர்கள் அதைவிடப் பல மடங்கு. 2022 முதல் குலுக்கல் முறை: ஐந்து நாள் சீட்டுப் போடு, அப்புறம் நான்கு நாள் முடிவு பார். 45 நாள் வீட்டுக்குள் காலடி வைக்காவிட்டால் இடித்துவிடுவார்கள். நிஜ வாழ்க்கையில் ஒரு மனைக்காக அலைகிறவனுக்குப் பொழுதுபோக்கிலும் அதே அலைச்சலா என்று கோபம் வரும், நியாயமான கோபம்தான். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் இதைப் பார்த்தோ என்னவோ, 2025 தொடக்கத்தில் தன் வீடுகள் பற்றி விவரிக்கும்போதே குலுக்கல் கிடையாது, சந்தாவை நிறுத்தினாலும் வீட்டைப் பிடுங்க மாட்டோம் என்று சொல்லிவிட்டது. அவர்களுக்கும் பழைய சூடு உண்டு: 2014இல் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு கோட்டையைக் கொடுத்தார்கள், எல்லோரும் அதற்குள்ளேயே முடங்கி ஊர்ச் சந்தைகள் வெறிச்சோடின என்று ஆடுகிறவர்களே புலம்பினார்கள். இந்த முறை வீடுகளை அக்கம்பக்கமாக வைத்திருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

வீடு நன்றாக இருந்தால் கேம் பிழைக்கும் என்றும் சொல்ல முடியாது. வைல்ட்ஸ்டாரில் வீடு கட்டும் பகுதியைப் பாராட்டாதவர்கள் குறைவு. 2014இல் வந்தது, 2018இல் இழுத்து மூடிவிட்டார்கள், அத்தனை பேர் கட்டிய வீடும் அதோடு போயிற்று.

ஃபைனல் ஃபேண்டஸியில் எனக்கு வீடு இல்லை, சீட்டுப் போடவும் இல்லை. நான் போகும் பேட்டையில் யாரோ ஒருவர் தடுப்புப் பலகைகளை அடுக்கி, இல்லாத மாடி ஒன்றை உண்டாக்கி, கீழ்த்தளத்தைக் காபிக் கடையாக்கி வைத்திருக்கிறார். கதவு எப்போதும் திறந்திருக்கும். டன்ஜன் என்ற குழுச் சண்டைக்கு ஆள் சேரும்வரை அங்கே ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். நண்பனையும் போன மாதம் கூட்டிக்கொண்டு போனேன். "சும்மா உட்கார்றதுக்கு எதுக்குடா இவ்ளோ தூரம்?" என்றான், உட்கார்ந்துகொண்டே.