ஐ.டி.ஆர்.சி. இலவச ட்ரெயினிங்: காசு குடுத்துப் படிக்கறதுக்கு முன்னாடி இதைப் பாத்துடுங்க

கெட்டுப்போன மண்ணு, நிலத்தடி நீர் இதெல்லாம் எப்படி ஆராயறது, எப்படி கிளீன் பண்றதுன்னு கத்துக்க எங்க போறதுன்னு ஜூனியர் பசங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. 2025 ஜூலைல மத்திய அரசு மாசடைந்த தளங்களுக்குன்னே தனியா விதிகள் கொண்டுவந்துடுச்சு, அதனால இந்தக் கேள்வி இனிமே இன்னும் ஜாஸ்திதான் ஆகும். நம்ம ஊர்ல நடக்கற சில காஸ்ட்லி கோர்ஸ்ல ஸ்லைடுல இருக்கறதைப் படிச்சுக் காட்டி, சாப்பாடு போட்டு, சர்டிபிகேட் குடுத்து அனுப்பிடறாங்க. அதுக்கு ஐ.டி.ஆர்.சி. நடத்தற இந்த இலவச ஆன்லைன் கிளாஸ் எவ்வளவோ மேல்.

ஐ.டி.ஆர்.சி.ங்கறது (Interstate Technology and Regulatory Council) அமெரிக்காவுல மாநில சுற்றுச்சூழல் அதிகாரிங்க, கன்சல்டன்ட்ங்க, கம்பெனி ஆளுங்க எல்லாம் சேர்ந்து வேலை பாக்கற அமைப்பு, 1995ல இருந்து இருக்கு. அவங்க எழுதற கைடன்ஸும் ஓசி, அதை வச்சு நடத்தற ஆன்லைன் கிளாஸும் ஓசி, அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனமான இ.பி.ஏ.வோட க்ளூ-இன் (CLU-IN) வெப்சைட்ல பேர் பதிஞ்சா போதும். ஒரு கிளாஸ் ரெண்டு மணி நேரம் சொச்சம், நடுவுல டைப் பண்ணி கேள்வி கேக்கலாம். நேரம்தான் கொடுமை. அமெரிக்கக் கிழக்குக் கரையில மதியம் ஒரு மணின்னா நமக்கு ராத்திரி பத்தரை, குளிர்காலத்துல அவங்க கடிகாரத்தை மாத்திட்டா பதினொன்னரை. மறுநாள் காலைல ஃபீல்டு இருந்தா லைவ் பக்கமே போகாதீங்க, பழைய ரெக்கார்டிங் ஆர்கைவ்ல கிடக்கு.

பெட்ரோல் பங்க், எண்ணெய் டிப்போ வேலை பாக்கறவங்க முதல்ல எல்-நேப்பிள் (LNAPL) கிளாஸைப் பாருங்க, அதாவது தண்ணிமேல மிதக்கற பெட்ரோல், டீசல் வகையறா. நம்மாளுங்க என்ன பண்றாங்கன்னா கிணத்துல எண்ணெய் தடிமனை அளக்கற ப்ரோபை இறக்கி ரெண்டடி எண்ணெய் நிக்குதுன்னு பாத்த உடனே அதை இடத்தோட பரப்பளவால பெருக்கி இத்தனை ஆயிரம் லிட்டர் எடுக்கலாம்னு ரிப்போர்ட் எழுதிடறாங்க. மண்ணுக்குள்ள எண்ணெய் அப்படி தனி அடுக்கா நிக்கறதே இல்ல, மண்ணுல இருக்கற சின்னச் சின்ன இடுக்கை எல்லாம் தண்ணியும் காத்தும் எண்ணெயும் பங்கு போட்டுக்கிட்டு கிடக்கு, களிமண்ணா இருந்தா கிணத்துல நிறைய காட்டும் ஆனா பம்ப் போட்டா ஒண்ணும் வராது. கிளாஸ்ல தடிமனை விட்டுட்டு எண்ணெய் எவ்வளவு வேகமா ஓடி வருதுங்கற டிரான்ஸ்மிஸிவிட்டியைப் பாருங்கறாங்க, அது ஒரு நாளைக்கு 0.1ல இருந்து 0.8 சதுர அடிக்குள்ள வந்துட்டா இனிமே இறைச்சு பெருசா பிரயோஜனம் இல்லன்னு கணக்கோட சொல்றாங்க. 2013ல தண்டையார்பேட்டைல பைப்லைன் எண்ணெய் வீட்டு போர்ல வந்ததே, அந்த மாதிரி இடத்துல எப்ப நிறுத்தலாம்னு முடிவு பண்ண இது வேணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது மண் சாம்பிள் எடுக்கறதைப் பத்தின ஐ.எஸ்.எம். கிளாஸ், அதாவது பல புள்ளில கொஞ்சம் கொஞ்சமா எடுத்துச் சேக்கற முறை (Incremental Sampling Methodology). ஒரு இடத்துல ஒரு கை மண் எடுத்து அனுப்பினா அந்த ரிசல்ட் பாதி அதிர்ஷ்டம்தான், அதனால முதல்ல எவ்வளவு இடத்துக்கு முடிவு எடுக்கப்போறோம்னு எல்லை போட்டுக்கிட்டு, அதுக்குள்ள குறைஞ்சது 30 புள்ளில கொஞ்சம் கொஞ்சமா எடுத்து ஒரே சாம்பிளா சேக்கணும், அப்புறம் வேற வேற புள்ளில இதையே மறுபடி பண்ணி மொத்தம் மூணு சாம்பிள் ஆக்கி, மூணும் ஒத்துப்போகுதான்னு பாக்கணும். லேப்லயும் பாட்டிலைத் திறந்து மேலாப்ல ஒரு ஸ்பூன் எடுக்கற வேலை ஆகாது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஃபேக்டரி மண்ணுக்கு கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம்னு இலக்கு வச்சாங்க இல்லையா, அந்த 20ங்கறது எந்தக் கை மண்ணுல, எத்தனை கை சேத்துங்கற கேள்வி இந்த கிளாஸுக்கு அப்புறம்தான் உறைக்கும். ஆனா பாதரசத்துக்கு இதை அப்படியே காப்பியடிக்காதீங்க, லேப்ல மத்த மண்ணுக்குப் பண்ற மாதிரி காயவைச்சு அரைச்சா ஆவியா கொஞ்சம் போயிடும்.

நம்ம பக்கம் முக்கால்வாசி பாறைப் பூமி, அதனால 2017ல வந்த பிளவுப் பாறை கைடன்ஸையும் அதோட கிளாஸையும் விட்டுடாதீங்க. மணல்ல ஓடற மாதிரி வரைஞ்ச பிளூம் படம் (நிலத்தடி நீர்ல மாசு பரவியிருக்கற பரப்பைக் காட்டறது) எல்லாம் ராணிப்பேட்டைல செல்லாது. மூடின குரோமேட் ஃபேக்டரில ஒரு லட்சம் டன்னுக்கு மேல கழிவு கொட்டிக் கிடக்கு, அதுல இருக்கற ஆறு இணைதிற குரோமியம் தண்ணில நல்லா கரையும், கரைஞ்சது வெடிப்பு எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம்தான் போகும். பக்கத்துக் கிணறு சுத்தமா இருக்கலாம், தள்ளி இருக்கறது மஞ்சளா இருக்கலாம். அதனால கண்டபடி போர் போடாம முதல்ல வெடிப்பைப் படிங்கறாங்க, போருக்குள்ள கருவி இறக்கி ஆழவாரியா பதிவு (லாக்) எடு, பேக்கர்ங்கற அடைப்பான் வச்சு ஒவ்வொரு வெடிப்பையும் தனியா டெஸ்ட் பண்ணு, அப்புறம் கிணத்தை டிசைன் பண்ணுன்னு வரிசையா போகுது. கொஞ்சம் ஹெவியான கிளாஸ், நிறுத்தி நிறுத்திதான் பாக்க முடியும்.

குறைன்னா, அளவு எல்லாம் அடி, கேலன்ல வருது, பக்கத்துல கால்குலேட்டர் இல்லாம முடியாது. பேசறவங்களும் எல்லாரும் ஒரே மாதிரி இல்ல, சிலர் தூக்கம் வர்ற மாதிரி பேசறாங்க. பெரிய குறை கை வேலை. கிணத்துக் குழாயைச் சுத்தி அடைக்கற பென்டோனைட் களிமண்ணை எப்படி இறக்கறது, தண்ணியை மெதுவா இறைச்சு எப்படி சாம்பிள் எடுக்கறது, குப்பில காத்துக் குமிழி இல்லாம எப்படி மூடறது, இதெல்லாம் ஸ்கிரீன்ல பாத்து வராது. நம்ம போர்வெல் லாரி காத்தடிச்சு துளைக்குது, அந்தக் காத்தே ஆவியாகற கெமிக்கலை கிளப்பி விட்டுடும்னு எந்த அமெரிக்க வீடியோவும் நமக்காக சொல்லப்போறதில்ல. அதுக்கு நல்ல ட்ரில்லிங் டீமோட வெயில்ல நிக்கணும்.

கடைசில ஃபீட்பேக் ஃபார்ம் நிரப்பினா கலந்துக்கிட்டதுக்கு சர்டிபிகேட் வரும், அது லைசென்ஸ் இல்ல. வளைகுடாவுலயோ அமெரிக்கக் கம்பெனிலயோ கேக்கற ஹாஸ்வோப்பர் (HAZWOPER) வேற சமாச்சாரம், அது அபாயக் கழிவு வேலைக்கான பாதுகாப்புப் பயிற்சி, 40 மணி நேரமும் அதுக்கு மேல மூணு நாள் மேற்பார்வையோட ஃபீல்டும் உண்டு, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. டார்சி விதி (மண்ணுக்குள்ள தண்ணி எவ்வளவு ஓடும்னு கணக்குப் போடறது), நீர்மட்ட வரைபடம் இதெல்லாம் தெரியாம நேரா உள்ள போனா புரியாது, காலேஜ் ஹைட்ரோஜியாலஜி புக்கை ஒரு தடவை புரட்டிட்டு உக்காருங்க. என்னோட மார்க் அஞ்சுக்கு நாலு.