கோகி வண்டியில் விலாக்கறி டாக்கோ

லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வரும் சொந்தக்காரர்கள் கோகி என்ற கொரிய-மெக்சிகோ சாப்பாட்டு வண்டியில் எதை வாங்கலாம் என்று கேட்டால், யோசிக்காமல் மாட்டு விலாக்கறி டாக்கோ என்பேன். கோழி, காரப் பன்றி, டோஃபு எல்லாமும் உண்டு. மாடு தொடாத என் வீட்டுக்காரர் பன்றியோடு நிறுத்திக்கொள்வார். "நல்லாத்தானேடி இருக்கு?" என்பார். பாவம், அவருக்கு என்ன தெரியும்!

டாக்கோ என்பது ரொட்டிமேல் கறி வைத்துத் தரும் மெக்சிகோ பண்டம். டோர்ட்டியா என்ற மெல்லிய மக்காச்சோள ரொட்டி இரண்டைக் கல்லில் வாட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தருகிறார்கள். கறியின் சாறு மேலே இருப்பதை ஊறவைத்துக் கிழித்துவிடும்; அடியில் இருப்பது தாங்கும். கறி கொரியப் பக்குவம். சர்க்கரை கருகுவதற்குச் சற்று முன்னால் எடுத்ததுபோல் ஓரமெல்லாம் முறுகல். அதுதான் இந்த டாக்கோவின் உயிர். மேலே மிளகாயும் சோயாவும் சேர்த்துப் பிரட்டிய முட்டைக்கோஸ், சிவப்பு சல்சா என்ற மெக்சிகோச் சட்னி, பொடியாக அரிந்த வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சை. நாக்கில் இனிப்பு முந்திக்கொள்ளும், பின்னாலேயே புளிப்பு. காரம் சும்மா எட்டிப்பார்க்கும், அவ்வளவுதான். ஆந்திரா மெஸ் ஆட்கள் கூடுதல் சாஸ் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சமையல்காரர் ராய் சோய் சியோலில் பிறந்து இந்த ஊரில் வளர்ந்தவர். 2008இல் கூட்டாளிகளோடு வண்டியைத் தொடங்கினார். அப்போதெல்லாம் இன்றைக்கு எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று ட்விட்டரில் போடுவார்கள், சனம் தேடிக்கொண்டு போகும். 2010இல் ஃபுட் அண்ட் வைன் பத்திரிகை அவரைச் சிறந்த புதிய சமையல்காரர்கள் பட்டியலில் சேர்த்தது. தெருவோர வண்டிக்காரருக்கு அது சின்ன விஷயமில்லை.

இதை இரு நாட்டுச் சமையலை ஒட்டவைத்த 'ஃப்யூஷன்' என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. இங்கே கொரியாடவுன் என்ற பேட்டையில் கொரியர்களைவிட லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள்தான் அதிகம். ஒரே தெருவில் கொரிய இறைச்சிக் கடையும் இருக்கும், டாக்கோ வண்டியும் இருக்கும். இந்த ருசி அங்கிருந்து வந்தது. புதுமைக்காக எதையாவது எதிலாவது திணிக்கும் கடைகள் வேறு ரகம்.

வயிற்றில் இடமிருந்தால் கிம்ச்சி கேசடியாவும் ஒன்று சொல்லுங்கள். உள்ளே சீஸ் வைத்து மடித்த டோர்ட்டியாதான் கேசடியா. இதில் வெண்ணெயில் வதக்கிய கிம்ச்சி (கொரியர்களின் புளித்த முட்டைக்கோஸ்), உருகிய சீஸ், மேலே எள். இரண்டு பேருக்கு ஒன்று போதும். பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோக மட்டும் நினைக்காதீர்கள். டோர்ட்டியா ஊறிச் சொதசொதவென்று ஆகிவிடும். வண்டிப் பக்கத்திலேயே நின்று, முழங்கையில் சாறு வழிய வழியச் சாப்பிட்டுவிடுங்கள். காகிதக் கைக்குட்டை நிறைய எடுத்துக்கொள்ளவும்.